மச்சினன் கழுத்தும் என் இடுப்பும்

முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, என் சலூனில் இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டுதான் சவரம் செய்கிறேன். "மாமா நல்லா நடிக்கறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மச்சினன், இன்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ரோஷத்தில் பெல்ட்டைக் கழற்றி வீசினேன்.

கத்தி அவன் தொண்டைக்கு வந்தபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அசைந்தால் கத்தியோடு அவன்மேலேயே சாய்வேன்.

"ஆடாதடா. எச்சில்கூட முழுங்காத."

பிடிப்பு வந்தால் உடம்போடு மல்லுக்கட்டாமல் மூச்சை மெதுவாக விடச் சொல்லியிருந்தார் டாக்டர். விட்டேன். அவன் மூச்சே விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பு இளகியதும் கத்தியை எடுத்தேன்.

அவன் பாய்ந்துபோய்ப் பெல்ட்டை எடுத்துவந்து எனக்குக் கட்டிவிட்டான்.

"இன்னும் இறுக்கட்டுமா மாமா?"

பாதிக் கழுத்து இன்னும் பாக்கி இருந்தது.