எர்சிலியா தராத அலறல்

ரோமில் அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் யாரும் குரலைப் பதிவு செய்வதில்லை. நாயகி பிரெஞ்சில் பேசுவாள், கொலைகாரன் ஜெர்மனில் பேசுவான். பிறகு ஒலிக்கூடத்தில் வேறு ஆட்கள் வந்து எல்லாருக்கும் இத்தாலியக் குரல் கொடுப்பார்கள். அத்திலியோ ராவெனி இயக்கிய பேய்ப் படங்களிலும் கொலைப் படங்களிலும் சாகிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே தொண்டைதான். எர்சிலியா மொராந்தி. நான் அந்தப் படங்களின் தொகுப்பாளன்.

ராவெனி நேரில் வரி ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருப்பார். அதிர்ந்து பேசமாட்டார். ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கௌபாய் படம், கேலிப் படம் என்று எடுத்துக் கொடுத்தவர். ஒருமுறை கையில் பணமில்லாமல், வாடகை பங்களா ஒன்றில் சிவப்புக் காகிதம் ஒட்டிய விளக்கை வைத்து ஒரு கொலைப் படம் எடுத்தார். அது ஓடியது. அன்றிலிருந்து அதுவே அவர் பாணி. கொலைகாரன் முகத்தைக் காட்டமாட்டார். கேமராவே கொலைகாரன் போல மெதுவாக நடந்து வரும். கடைசியில் திரை முழுக்க ஒரு பெண்ணின் கண். அதன்மேல் எர்சிலியாவின் அலறல்.

அவளோ தன் முறை வரும்வரை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டதும் வாயிலிருந்த அதிமதுரத் துண்டை எடுத்துவிட்டுப் போய் உயிர் போகிற மாதிரி அலறுவாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பின்னுவாள்.

"இன்னிக்கு எப்படிச் சாகணும், மாயெஸ்ட்ரோ? கத்தியா, கயிறா?" என்று ராவெனியைக் கேட்பாள். எல்லாரும் சிரிப்போம்.

ஒன்பதாவது படத்தில் ராவெனிக்கு எதுவும் பிடிக்கவில்லை. படிக்கட்டில் நிற்கிற ஒரு தாய் அலறும் காட்சி. எர்சிலியா திரும்பத் திரும்ப அலறினாள்.

"அழகா அலறுறீங்க. எனக்கு அழகு வேண்டாம்" என்றார்.

"அப்ப நெஜமாவே ஒருத்தியைக் கொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஒலிக்கூடத்துக்கு வந்தவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ராவெனி உள்ளே வந்தார். பதிவு விளக்கு எரியவில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு நாடா ஓடிக்கொண்டிருந்தது. எதற்கென்று எனக்கும் தெரியாது.

"எர்சிலியா, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். லிவியோ ஸ்கூட்டர்லேர்ந்து... மனசைத் தேத்திக்குங்க."

லிவியோ அவளுடைய ஒரே மகன்.

அவள் கத்தவில்லை. வயிற்றிலிருந்து ஏதோ கழன்று வருவது போல, தணிந்த, உடைந்த ஒரு சத்தம் வந்தது. காதில் மாட்டியிருந்த கருவியைப் பிடுங்கிப் போட்டேன்.

"போதும். பையன் நல்லாத்தான் இருக்கான். இதுதான் எனக்கு வேணும்" என்றார் ராவெனி.

அவள் அவரை அடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய், லிவியோ வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போன் போட்டாள். மகன் குரல் கேட்டதும், "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்று வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"அதை அழிங்க."

"உங்க வாழ்க்கையிலேயே இதைவிட நல்லா நீங்க..."

"நான் விக்கிறது என் தொண்டையை. இது என் புள்ள."

அடுத்த நாள் குரல் கொடுப்பவர் ஒருவர்கூட வரவில்லை. ராவெனியின் படங்களிலெல்லாம் போலீஸ் அதிகாரியாகப் பேசும் பெரியவர் நெல்லோ மட்டும் வாசலில் நின்றார். "எங்க வாய்க்கெல்லாம் லீவு, மாயெஸ்ட்ரோ. அந்த நாடா அவ கைக்குப் போற வரைக்கும்."

நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. தயாரிப்பாளர் கத்தினார். ராவெனி சில நாள் பிடிவாதமாக இருந்துவிட்டு, "வெட்டிக் கொடுத்துடு, தெல்மோ" என்றார் என்னிடம்.

நாடாவை எர்சிலியா வீட்டுக்கு நான்தான் கொண்டுபோனேன். சமையலறைத் தொட்டியில் போட்டுக் கொளுத்தினாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, "நீங்களும் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"அப்ப உங்க காதை என்ன பண்றது?"



மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அந்தக் காட்சிக்கு அலற யாரும் சம்மதிக்கவில்லை. பழைய படங்களின் அலறலும் அவளுடையதுதான். அதைத் தொடக்கூடாது என்றாள். கடைசியில் ராவெனி அங்கே இசையையும் எடுத்துவிடச் சொன்னார். தாய் வாயைத் திறக்கிறாள், ஒரு சத்தமும் இல்லை.

படம் வெளியான நாள், அந்த இடம் வந்ததும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்போது மாடி வரிசையில் யாரோ ஒரு பெண், தாங்காமல், அலறிவிட்டாள். உடனே இன்னும் பலர். பத்திரிகைகள் 'ராவெனியின் மௌனம்' என்று எழுதித் தள்ளின.

லிவியோவும் நண்பர்களோடு போய்ப் பார்த்திருக்கிறான். "ஏம்மா அந்த எடத்துல சத்தமே வரல?" என்று கேட்டானாம்.

"மிஷின் ரிப்பேரா இருக்கும்" என்றாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். அவள் வேறு படங்களில் அத்தைகளுக்கும் ராணிகளுக்கும் பேசினாள். அலறமட்டும் எவர் கேட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மகன் கொஞ்சம் தாமதமானாலும் ஜன்னலை விட்டு நகரமாட்டாள். அவனுக்குக் கல்யாணமான பிறகும் அப்படித்தான்.

ராவெனி அதன்பின் எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஓரிடத்தில் மௌனம் வைத்தார். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். வயதான பிறகு தொரீனோ நகரில் ஒரு விழாவுக்கு அவரை அழைத்தார்கள்; நானும் கூடப் போனேன். மேடையில் ஓர் இளம்பெண் அந்த மௌனம் எப்படித் தோன்றியது என்று கேட்டாள்.

"பயத்தை நான் காட்டக்கூடாது. பார்க்கறவங்களே கொண்டு வரணும்னு நெனச்சேன்" என்றார். கைதட்டல் ஓயவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவ பேரைச் சொல்லியிருக்கலாமே?"

அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அவ கேட்டது அதை அழிக்கணும்னு. நான் மேடையேறி அதைக் கதையாச் சொன்னா, அழிச்ச மாதிரி ஆகுமா, தெல்மோ?"

அது மனசாட்சியா, வசதியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கார் வந்தது. அவரை ஏற்றிவிட்டு, நான் நடந்தே ஓட்டலுக்குப் போனேன்.