ரோசி அத்தையின் மூச்சு

ரோசி அத்தை தடவிப் பிடித்த இறால், குழம்பில் கொதிக்கும்போது பாடும். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரைக் குப்பங்களில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. கிலோவுக்கு இருபது ரூபாய் கூட என்பார்கள், அவ்வளவுதான். மீஞ்சூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போய் மூடி போட்டு வேகவைத்ததில், மூடி எகிறிக் கூரை ஓட்டைப் பொத்துக்கொண்டு போனது. அடுத்த தெருக் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சட்டியின் பாட்டைக் கேட்டுத் தன் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டார். சாப்பிட்டவர்கள் மூன்று நாள் மூக்கால் பாடிக்கொண்டே திரிவார்கள். நான்காம் நாள் தானாகச் சரியாகிவிடும்.

காரணம் எளிது. வலை இல்லாதவர்கள் ஏரித் தண்ணீரில் தவழ்ந்துபோய், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். வாய் திறக்க வழியில்லை. அத்தை மூக்கால் விட்ட மூச்சு ராகமாக வந்தது. ஐம்பது வருஷம் வந்தது. அதைக் கேட்கக் கொக்குகள் வரிசையில் நின்றன. பூநாரைகள் ஊர் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டன. கேட்காத ஒரே ஜீவன் அத்தைதான். அவள் காது தண்ணீருக்குள் இருந்தது. பறி கடிக்கிறவர் அந்தப் பறியில் விழுந்த இறாலைத் தின்னக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகவே அவள் அடுப்பில் அது ஒருநாளும் கொதிக்கவில்லை.

அவளுடைய அண்ணன் மகன் பால்ராஜ் ஆறு வயதில் அடுத்த வீட்டில் ஒரு தட்டு சாப்பிட்டான். மற்றவர்களுக்கு மூன்று நாளில் நின்றது, அவனுக்கு அறுபத்தாறு வயதாகியும் நிற்கவில்லை. கிளாரினெட் வாங்கி, கல்யாண பேண்டு செட்டில் நாற்பத்தோரு வருஷம் ஊதினான். எந்தப் பாட்டானாலும் நடுநடுவே சின்னதாக ஒரு நிறுத்தம் வைப்பான். கேட்கிறவர்களுக்கு நெஞ்சு ஒருகணம் நின்று ஓடும். பொன்னேரிவரை ஊதுகிறவர்கள் எல்லாம் அதைப் பழகப் பார்த்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்ததோடு விட்டுவிட்டார்கள்.

பேண்டிலிருந்து ஓய்ந்ததும் அவனுக்கு ஒரே வேலைதான் மிச்சமிருந்தது: அத்தைக்கு நன்றி சொல்வது. அத்தைக்கு எண்பத்து மூன்று. பல்லெல்லாம் போய், பறி ஆணியில் தொங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. நன்றியை வாங்கிக்கொள்ளத்தான் அவள் தயாராக இல்லை.

“இன்னாடா உளர்ற? நான் பாட்டுக்கு மூச்சு வுட்டுக்கினு கெடந்தேன். அது பாட்டா?”

“பாட்டுதான் அத்தை. ஊரே சொல்லுது.”

“ஊருக்கு இன்னா வேலை? செய்யாத வேலைக்கு நான் கும்புடு வாங்கமாட்டேன். உங்க நைனா நல்லா விசிலடிப்பான். அவன் கல்லறையில போய்ச் சொல்லு.”

இப்படியே பன்னிரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். போன மார்கழியில் அவளுக்கு இரைப்பு வந்து, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று பேசினாள். தன் பாட்டைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று பால்ராஜ் பயந்தான். ஆணியிலிருந்து பறியை எடுத்தான். கட்டுப்பல்லால் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினான்.

“இன்னா மாமா, பேண்டுக்காரரு தண்ணிக்குள்ள கச்சேரியா?” என்று பக்கத்து வீட்டு மாலா கரையிலிருந்து கத்தினாள்.

“ம்ம்” என்றான். பறி வாயில் இருந்தால் அதற்குமேல் சொல்ல முடியாது. நாலு மணி நேரத்தில் பதினோரு இறால் கிடைத்தது. தவறி ஒரு நண்டும் வந்தது.

அத்தை வீட்டு அடுப்பிலேயே சட்டியை வைத்தான். பறியின் பின்னலில் ஐம்பது வருஷ மூச்சு ஊறிக்கிடந்ததால் பதினோரு இறாலும் அவள் ராகத்தையே பாடின. நண்டு சட்டியைத் தட்டித் தாளம் போட்டது, கொஞ்சம் முன்னே பின்னே. அத்தை நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆனால் பாட்டு நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவள் மோவாய் தானாக எழும்பியது. சேற்றிலிருந்து வருவதுபோல் வலது கை மடியிலிருந்து வாய்க்கு வந்தது. நான்காம் தடவை அதை அவளே பார்த்துவிட்டாள்.

“அடப்பாவி! இது இறால பறிக்குள்ள போட்ற நேரம்டா. அப்பதான் மூச்ச அடக்குவேன். அதையுமா கல்யாணத்துல ஊதினே?”

“நாப்பத்தியோரு வருஷமா, அத்தை.”

அவள் சிரித்த சிரிப்பில் ஏரியிலிருந்த படகுகள் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டன. பிறகு கண்ணைத் துடைத்து, சேலையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி. இப்ப சொல்லு.”

அறுபது வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் தொண்டையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. “ம்ம்” என்றான் பால்ராஜ்.

“ம்ம்” என்றாள் அத்தை. வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு கிண்ணம் குழம்பை உறிஞ்சிக் குடித்தாள்.

அவளுக்கும் அது நான்காம் நாள் நிற்கவில்லை. இப்போது இரைப்பு ராகமாகவே வருகிறது. கொக்குகள் அத்தை வீட்டு ஓட்டின்மேல் வரிசையாக நிற்கின்றன. மாலா எச்சத்துக்குப் பயந்து தன் வீட்டுத் துணியைக் கொல்லைப் பக்கம் உலர்த்திக்கொள்கிறாள்.