பாசிக்கு அடியில்

ஜன்னலோரத் தொட்டியில், பாசியின் மேல் இன்னோர் இலை விழுந்து கிடந்தது. வெளிறிய பச்சைக்கு நடுவில் மஞ்சளாக, எடுத்துப் பார் என்பதுபோல. அவர் கழுத்தை நீட்டிப் படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மனைவி இன்னும் எழுந்திருக்கவில்லை. இலையைக் கிள்ளி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பூனை மாதிரி சமையலறைக்குப் போய், குழாயை விரலளவு திறந்து, அரைக் குவளைத் தண்ணீர் பிடித்து வந்து பாசியின் மேல் சுற்றி ஊற்றினார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், சொந்த வீட்டில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றத் திருடனைப்போல நடக்க வேண்டியிருந்தது.

அது ஆல மர இனத்து இச்சி மரம். கல்யாணமான புதிதில் குடியிருந்த வீட்டின் குளியலறைக் குழாய் இடுக்கில் தானாக முளைத்திருந்ததை, அவர் பிடுங்கி எறியப் போன நேரத்தில், அவள் வேரோடு வாங்கித் தட்டையான தொட்டியில் வைத்தாள். மகள் வளர்ந்து வெளியூர் வேலைக்கே போய்விட்டாள்; மரம் இன்னும் முழங்கை உயரத்தைத் தாண்டவில்லை. ஆனால் அடிமரம் தடித்து, வேர்கள் வெளியே தெரிய, பெரிய மனுஷன் தோரணை வந்துவிட்டது. இந்த வருஷம், தொட்டியில் வளர்த்த குட்டை மரங்களை வைக்கிற போன்சாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோவதென்று அவள் முடிவு செய்தாள். அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். கட்டடத்தின் பின்சுவரில், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில் படர்ந்திருந்த பாசியை, மாத்திரை எண்ணுகிற தட்டைக் கரண்டியால் வில்லை வில்லையாகப் பெயர்த்து எடுத்துவந்தாள். தொட்டி மண் தெரியாமல் ஒட்டுப்போட்டு விரித்து, விரலால் அழுத்தி, தண்ணீர் தெளித்தாள்.

"வெறும் மண்ணோட கொண்டு போனா, தல சீவாம கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கும்" என்றாள். "ஈரமும் காயாது. மேல பாசி வெளுத்தா மட்டும் தண்ணி ஊத்துங்க, போதும்."

வினை அதன் பிறகுதான் வந்தது. மரத்தில் இடப்பக்கம் தாழ்வாக ஒரு கிளை நீண்டிருந்தது. அவள் அதற்குக் கம்பி சுற்றி, வருஷக்கணக்காக வளைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணுக்கு அது, இடப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று கை காட்டிவிட்டுத் திரும்பாமலே நிற்கிற வண்டியாகத்தான் தெரிந்தது. நாள் முழுக்க அப்படிப்பட்ட ஆட்களோடு மல்லுக்கட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதவி செய்கிறோம் என்று நினைத்து, கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிட்டார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். வெட்டுவாயில் வடிந்த பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே அது பக்கம் உங்க நிழல்கூட படக்கூடாது."

"படாது தாயே. நீயே கட்டிக்கிட்டு அழு."

"எனக்கெதுக்கு? கை ஒடிஞ்ச மரத்த வச்சு நான் என்ன பண்றது? காயட்டும்."

அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். ஆக, தண்ணீர் ஊற்ற இனி இந்த வீட்டில் தன்னை விட்டால் ஆளில்லை என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை சுவர்களோடுதான். "ஷாம்பு தீந்து போச்சு" என்று அவள் அலமாரியிடம் சொல்வாள். "யாருக்காவது துணி காயப்போடணும்னா மேகமா இருக்கு" என்று அவர் ஜன்னலிடம் சொல்வார். மகள் போனில் கூப்பிட்டால் இருவரும் தேன் ஒழுகப் பேசிவிட்டு, வைத்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

பாசி மட்டும் அமோகமாக வளர்ந்தது. மேடு பள்ளமாகப் புசுபுசுவென்று படர்ந்து, அடிமரத்தில்கூட ஏறப் பார்த்தது. மரமோ நாளுக்கு நாள் இளைத்தது. ஜன்னல் காற்றில் பாசியின் மேற்பரப்பு சீக்கிரமே வெளுத்துவிடும். வெளுப்பைப் பார்த்தால் தாகம் என்று அவருக்கு மனசு பதறும், ஊற்றுவார். ஆனாலும் காலையில் ஓர் இலை, இரண்டு இலை. தான் வெட்டிய இடத்திலிருந்துதான் உயிர் போகிறது என்று அவர் நம்பினார். அந்த நினைப்பில், வண்டி கற்றுக்கொள்ள வந்த டீச்சர் அம்மா ஒரு திருப்பத்தில் சரியாகக் கை காட்டியபோது, எந்தக் காரணமும் இல்லாமல் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டார். மரம் செத்துவிட்டால் இந்த மௌனம் உடையவே உடையாது என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது.

ஒருநாள் மதியம் கிளட்ச் கேபிள் அறுந்தது. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நேரத்தோடு வீடு திரும்பினார். கதவைத் திறந்தால், ஜன்னலருகே மனைவி நிற்கிறாள். வேலை உடுப்புகூட மாற்றவில்லை. கையில் அதே குவளை. பாசியின் மேல் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ... தண்ணி ஊத்துறியா?"

அவள் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "அப்படியே விட்டுடச் சொல்றீங்களா? உங்களுக்குத்தான் அக்கறை இல்ல."

"நான் தினம் காலையில ஊத்துறேனே."

இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று குனிந்தாள். தண்ணீர் இன்னும் படாமல் வெளுத்திருந்த பாசியின் ஓரத்தில் விரலை நுழைத்து ஒரு வில்லையைத் தூக்கினாள். அடியில் மண் கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. அழுகின வாடை குப்பென்று வந்தது.

"மேல மட்டும்தாங்க காஞ்சிருக்கு" என்றாள் மெதுவாக. "நான்தான் சொன்னேன், வெளுத்தா ஊத்துங்கன்னு. விரல விட்டுப் பாக்கணும்னு எனக்கே தோணல."

"தினம் எல வேற விழுது" என்று அவர் சட்டைப்பையில் கைவிட்டு, அன்று காலை எடுத்ததை நீட்டினார்.

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே மாத்திரை உறை ஒன்றில் மஞ்சள் இலைகள் திணித்துக் கிடந்தன. "சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள பொறுக்கிடுவேன்" என்றாள். "பாத்தா குத்திக் காட்டுவீங்கன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பேச நேரமில்லை. தரையில் காகிதம் விரித்தார்கள். பாசியை வில்லை வில்லையாக உரித்து ஒரு தட்டில் வைத்தாள். மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது வேர்க்கட்டி சேறாக வழிந்தது. அதற்கு நாலு கை வேண்டும்; ஒருவர் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் வேரைக் கழுவி, அழுகியதை நீக்க முடியும். அவர் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார். அவளோ மரத்தைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மேசையின் மேலிருந்த கத்தரிக்கோலைத் தாடையால் சுட்டினாள். அதே கத்தரிக்கோல்.

"நானா?" என்றார்.

"கறுப்பா, கொழகொழன்னு இருக்கறத எல்லாம்."

"மறுபடியும் தப்பா வெட்டிட்டா? அப்புறம் நீ..."

"வெட்டுங்க."

வெட்டினார். ஒவ்வொரு வேரையும் தொட்டுக் காட்டி, அவள் தலையசைத்த பிறகு வெட்டினார். கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். தண்ணீர் தேங்காதபடி பருமணலும் உடைத்த கூரை ஓட்டுத்தூளும் கலந்து புதிதாக நட்டு, கம்பியால் அசையாமல் கட்டினார்கள். பாசியைத் திரும்ப விரிக்கவில்லை. மரம் மொட்டை மண்ணில் நின்றது.

"பொழச்சுக்குமா?"

"தெரியலீங்க" என்றாள். இடப்பக்கத்து வெட்டுத் தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, கை கழுவப் போனாள்.

மறுநாள் காலை அவர் பழக்கதோஷத்தில் பூனை நடை நடந்து, குவளையும் கையுமாக ஜன்னலுக்கு வந்தார். பாசித் தட்டு ஒரு பக்கம் பச்சையாக இருந்தது. தொட்டி மண்ணில், அடிமரத்துக்குப் பக்கத்தில், மெல்லிய விரல் ஒன்று இறங்கி ஏறிய குழி தெரிந்தது. எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள்.

குவளையைக் கீழே வைத்தார். தன் தடித்த விரலை அந்தக் குழியில் விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. பக்கத்திலேயே மண்ணில் மெதுவாக இறக்கினார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது.

"ஈரம் இருக்குல்ல?" என்று படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"இருக்கு" என்றார், விரலை எடுக்காமலே.