அடக்கத்துக்கு வந்தவர்கள்

1985 நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் துணைவன் போகுமில் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கே போலீஸ் வந்து அவனை அழைத்துப்போனது. அன்றைக்கு போலந்தின் வார்சா நகரம் முழுக்க எங்களைப் போன்ற ஆண்களை அப்படித்தான் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பத்து வருஷமாக நானும் அவனும் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். அக்கம்பக்கத்தாருக்கு நான் அவனுடைய சித்தி மகன். விஷயம் தெரிந்ததும் கடிதங்களையெல்லாம் அடுப்பில் போட்டேன். கடற்கரையில் சேர்ந்து எடுத்த ஒரே போட்டோவைக் கொளுத்த மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதையும் போட்டேன்.

சாயங்காலம் வந்தான்.

"என்னடா கேட்டாங்க?"

"யாரோட, எங்க, எப்படின்னு எல்லாத்தையும். ஒரு பேராவது சொல்லு, இல்லேன்னா நீ யாருன்னு ஹெட்மாஸ்டருக்குச் சொல்லிடுவோம்னானுங்க."

"என் பேரு?"

"சொல்வேனாடா? வியேசெக் பேரைச் சொன்னேன். செத்தவனை என்ன பண்ணிடுவானுங்க?"

வியேசெக் எங்கள் நண்பன். ஏப்ரலில் விஸ்துலா ஆற்றில் பிணமாக மிதந்தான். மண்டையில் காயம் இருந்தும், குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதிக் கேஸை மூடிவிட்டார்கள். போகுமில் செய்தது சரியென்றே எனக்கும் பட்டது.

ஞாயிறு மதியம் வியேசெக்கின் அம்மா யாத்விகா, கசகசா கேக்கோடு வந்தாள். மகன் போன பிறகு அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் கண்டதில்லை.

"தம்பிங்களா, நம்ம புள்ள கேஸைத் திரும்ப எடுத்துட்டாங்க! நேத்து ரெண்டு ஆபீசருங்க வீட்டுக்கே வந்தாங்க. எவ்வளவு மரியாதை! என் கையில முத்தம் குடுத்துட்டுத்தான் உக்காந்தாங்க."

போகுமில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னம்மா கேட்டாங்க?" என்றேன்.

"அவன் சிநேகிதங்க யார் யாருன்னு. எனக்கென்ன ஞாபகம் இருக்கு? அடக்கத்துக்கு வந்தவங்க பேரு, அட்ரஸெல்லாம் எழுதின நோட்டைக் குடுத்துட்டேன். பதினாலு பேரு. பெட்டியைத் தூக்கினது இவங்கதான்னு உங்க ரெண்டு பேரையும் முதல்ல காட்டினேன்."

வியேசெக் பேரைப் போலீஸிடம் சொன்னது தான்தான் என்று சொல்ல போகுமில் வாயெடுத்தான். நான் அவன் தோளை அழுத்தினேன். அவள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே நோட்டில் இருந்த எல்லோருக்கும் தகவல் சொன்னோம். இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். வியாழக்கிழமை போலீஸிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வியேசெக்கின் மரணம் குறித்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்றிருந்தது. யாத்விகா அம்மாவும் கூடவே கிளம்பினாள். தடுக்க என்னிடம் காரணம் இல்லை.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். மூன்று மணி நேரம், போகுமிலைக் கேட்டதையே என்னையும் கேட்டார்கள். வியேசெக் எப்படிச் செத்தான் என்று ஒரு கேள்விகூட இல்லை.

வெளியே வந்ததும் அவள் எழுந்தாள்.

"ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்களா, தம்பி?"

"தேடிக்கிட்டிருக்காங்கம்மா," என்றேன்.