காடைக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகும் டவுன் பஸ்ஸில். தீனிப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், பஸ் நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். நான் பார்த்தது அவ்வளவுதான். ஏன் ஓடினாள் என்பது முழுக்க என் கற்பனை. வெனிலா என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

2

'காடை வளர்ப்பது சுலபம் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு' என்று ஆரம்பித்தேன். வேண்டாம். அவள் தொழில் செய்யக் கிளம்பியவள் இல்லை. அவள் புருஷன் ஜூட், வானூரில் கட்டட வேலையின்போது சாரம் சரிந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக் கிடப்பவனுக்குப் பார்க்க வேறு ஏதாவது வேண்டுமே என்றுதான் காடை முட்டை வாங்கி வந்தாள். கட்டிலோரம் ஸ்டூலில் தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பு. முட்டைகளைத் திருப்பி வைப்பதும் தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் ஜூட்டின் வேலை.

"வெனிலா, ஜல்தி வா. முட்ட ஒடையுது, மூக்கு தெரியுது."

விழுந்த பிறகு அவன் குரலை உயர்த்தியது அன்றுதான்.

கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள். ஸ்டூலில் இடம் போதவில்லை. பெரிய அட்டைப்பெட்டியில் விட்டு, பல்பைத் தொங்கவிட்டு, அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தரையில் வைத்தாள். குடிக்க ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர்.

3

தீனி வாங்கத் திண்டிவனம் கிளம்பினாள்.

"பாத்துக்கினு இருங்க, வந்துடறேன்."

"எனக்கு வேற இன்னா வேல?" என்று சிரித்தான்.

முட்டை விற்ற அதே கடைக்காரர் மாசிலாமணி, தீனியைக் கட்டிக்கொண்டே கேட்டார். "தண்ணில கூழாங்கல்லு போட்டியாம்மா? அன்னிக்கே சொன்னேனே. குஞ்சுக்கு எறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது. மூழ்கிடும்."

சொல்லியிருந்தார். அவள்தான் மறந்துவிட்டாள்.

(ஃபோன் இல்லையா என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஒரே ஃபோன், அது அவள் கையில். பக்கத்து வீட்டு அருணாவுக்கு அடித்தாள். அருணா எடுக்கவில்லை; மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போயிருந்தாள். அவளை எடுக்கவைக்க நானும் எழுதிப் பார்த்தேன். எடுத்தால் கதை பொய்யாகிவிடுகிறது.)

4

வீட்டில் நடந்ததை ஒருமுறை இப்படி எழுதினேன்: ஜூட் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, கையை ஊன்றி நகர்ந்துபோய், எல்லாக் குஞ்சுகளையும்... அந்த வரியை அடித்துவிட்டேன். அது என் ஆறுதலுக்கு எழுதியது. பிறகு அவனைத் தூங்கவைத்துப் பார்த்தேன். அவன் தூங்கவில்லை.

வெனிலா உள்ளே நுழைந்தபோது கிண்ணத்தின் மேல் அவனுடைய துண்டு ஊறிக் கிடந்தது.

"ஒண்ணு எறங்கிச்சி," என்றான் ஜூட், அவளைப் பார்க்காமல். "பின்னாலயே இன்னும் கொஞ்சம் எறங்கிச்சி. கை எட்டல. கத்திப் பாத்தேன், யாரும் வர்ல. துண்டோட முனையப் புடிச்சிக்கினு எறக்கனேன், அதும்மேல ஏறி வரும்னு. கைய வுட்டு நழுவிடுச்சி. அப்டியே மூடிக்கிச்சி. நாந்தான் சாவடிச்சேன், வெனிலா."

அவள் துண்டைத் தூக்கினாள். இறந்தவற்றை முந்தானையில் ஏந்திப்போய் முருங்கையடியில் புதைத்தாள். மிச்சமிருந்தவை பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன.

5

இந்த இடத்தில் அவள் 'மறந்தது நான்' என்று சொல்ல வேண்டும். சொல்லவைத்தேன். அடுத்த வரியில் ஜூட்டின் முகத்தை எழுத முடியவில்லை; துண்டைப் போட்டது அவன் கைதானே. சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். அவள் முகத்தை எழுத முடியவில்லை.

"தண்ணி வெய்யி," என்றான் ஜூட். "மிச்சது கத்துது பாரு."

கிண்ணத்தைக் கழுவி நிரப்பினாள். அப்படியே வைக்க அவளால் முடியவில்லை. வாசலுக்குப் போய்க் கூழாங்கற்களைப் பொறுக்கினாள். அவன் பார்க்க அவற்றைப் போட்டால், இது முன்னாலேயே தெரியுமா என்று கேட்பான். போடாவிட்டால் மிச்சமும் போகும்.

மூடிய கையோடு நிலைப்படியில் நிற்கிறாள்.

"கையில இன்னா?" என்கிறான் ஜூட்.

அவளுக்குக் கொடுக்க என்னிடம் வார்த்தை இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் கொடுங்கள். குஞ்சுகளுக்குத் தாகம்.