நாற்பது கேள்விக்கும் தெரியாது

பொய் சொன்னவன் நான்தான். டீச்சரைக் குறை சொல்ல வேண்டாம்.

எனக்கு இஸ்திரிக் கடை. நாற்பது வருஷமாக நின்றபடியே வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மகள் வயிற்றுப் பேத்திக்குப் பத்து வயது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதனால் கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கேலியாக வக்கீலம்மா என்று கூப்பிடுவார்கள். பிடித்திருந்தால் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் முதுகைக் காட்டுவாள்.

அவளுக்கு ஐந்து வயதில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். பிள்ளைக்கு இது தெரியும், அது தெரியும் என்று உளறி வைக்காதீர்கள், சதவீதத்தைக் குறைத்துவிடுவார்கள், அப்புறம் ஒரு உதவியும் கிடைக்காது என்று. எதைக் கேட்டாலும் தெரியாது என்றேன். சான்றிதழ் கிடைத்தது. அன்றிலிருந்து பேனாவும் தாளுமாக யார் வந்தாலும் எனக்கு ஒரே பதில்தான். இப்படிப் பிள்ளை இருக்கிற வீடுகளில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு சிறப்பு டீச்சர் வந்தார். இந்தப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் பாடத்திட்டம் போடுவது அவர் வேலை. பிள்ளைக்குத் தகுந்தபடி பாடத்தை வளைக்கலாமாம். நல்லா வளைப்பீங்க என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கடைக்கே வந்து நாற்பது கேள்வி கேட்டார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். எண்ணத் தெரியுமா? தெரியாது. நிறம்? தெரியாது. தானே கை கழுவுவாளா? மாட்டாள். எனக்குப் பின்னால் வக்கீலம்மா சட்டைகளுக்குப் பொத்தான் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். நான் நகர்ந்து மறைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மகளையும் என்னையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியர் அறையில் டீச்சர் திட்டத்தை வாசித்தார். காலையில் வருகைப் பதிவுக்கு மட்டும் வகுப்பில் உட்காருவாள். மிச்ச நேரமெல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் மணி கோர்ப்பது, வண்ணம் அடிப்பது, கை கழுவப் பழகுவது. வருஷம் முழுக்க அதுதான்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "கை கழுவவாப்பா? அவதானே உங்களைக் கழுவச் சொல்லித் துரத்துறா. யார் சொன்னது இதெல்லாம்?"

தலைமை ஆசிரியர் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம் மாடிப்படிக்கடியில். யாரிடமும் தலை குனிந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் குனிந்தேன்.

"நான் சொன்னதுதான். நாற்பதும் பொய்."

தலைமை ஆசிரியர் கத்தவில்லை. அன்று சொன்னது பொய்யென்றால் இன்று சொல்வது மட்டும் நிஜமென்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டீச்சர்தான் தாளை மடக்கி வைத்தார். "தப்பு என் மேலயும் இருக்கு. பிள்ளையைப் பார்க்காம தாத்தாவைக் கேட்டு எழுதிட்டேன். நாளைக்குக் கடைக்கு வர்றேன். நீங்க வாயே திறக்கக் கூடாது."

வந்தார். ஸ்டூலைப் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். பதினோரு வீட்டுத் துணி ஒரே குவியலாகக் கிடந்தது. காலரைப் பார்த்து, பொத்தானைப் பார்த்து, பதினோரு மூட்டையாகப் பிரித்தாள் வக்கீலம்மா. படுக்கை விரிப்பைப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று மடித்தாள். ஓரம் நூலளவு பிசகவில்லை. கடைசியில் ஒரு மூட்டையைத் தட்டி, "ஒண்ணு குறையுது" என்றாள். தேடினால் மேசைக்கடியில் ஒரு தலையணை உறை. டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

புதுத் திட்டத்தில் வகுப்பிலேயே, மற்ற பிள்ளைகளோடு. பாடம் அதேதான், போகிற வழி வேறு. பின்னக் கணக்கைத் துணி மடித்துப் படிப்பாள். எழுத்தை, மூட்டையில் கட்டுகிற வீட்டுப் பெயர்ச் சீட்டுகளிலிருந்து தொடங்குவாள். இருபது நிமிஷம் பாடம், ஐந்து நிமிஷம் நடை. பரீட்சையில் எழுத வேண்டாம், செய்து காட்டினால் போதும். இவ்வளவு தாங்குவாளா, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று தலைமை ஆசிரியர் இழுத்தார்.

"கூட்டி வேணா எழுதுங்க," என்றேன். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னோடு பேசி நாலு நாள் ஆகியிருந்தது.

அதற்காக டீச்சரை லேசில் நம்பிவிடவில்லை. வாரம் ஒரு தரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மதியச் சத்தம் அவளுக்கு ஆகவில்லை என்று கணக்கைக் காலைக்கு மாற்றினார். சீட்டில் எழுத்து பொடியாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் தன் கையால் பெரிதாக எழுதினார். அப்புறம்தான் ஜன்னலை விட்டேன்.

போன வாரம் கணக்குப் பரீட்சை. எட்டில் மூன்று பங்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் சரி. அதில் ஒருத்தி தன் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் திணறிய பிள்ளைக்கும் மடித்துக் கொடுத்து, பரீட்சையில் உதவி செய்ததற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரியவில்லை. துணி கொடுக்க வருகிறவர்களிடம் மட்டும்தான் சொன்னேன். இந்தத் தெருவில் துணி கொடுக்காதவர்கள் யாரும் இல்லை.