கல்லு மாதிரி ஒரு பெடல்

அதியமான்கோட்டைப் பட்டறையில் கார் ஜாக்கி மேல் நின்றது. அப்துல் சுபான் பாய் கியர் பெட்டியை இறக்கிவிட்டு, தேய்ந்துபோன கிளட்ச் பிளேட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். சசிகலா ஸ்டூலில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததிலிருந்து அந்த முட்டிக்குள் கம்பி இருக்கிறது. மடக்கலாம், ஓங்கி மிதிக்க மட்டும் வலு கிடையாது.

"இது முடிஞ்சு போச்சு தங்கச்சி. கம்பெனி சாமான் வேணும்னா சேலத்துலருந்து வரணும். வெளி மார்க்கெட் சாமான் இங்கயே இருக்குது, ஹெவி டியூட்டி. எதப் போடட்டும்?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் பாய்?"

இப்படி யாராவது கேட்டுவிட்டால் போதும், பாய்க்கு முகம் மலர்ந்துவிடும். இரண்டு டிபன் தட்டுகளை எடுத்து நடுவில் ஓர் அட்டையைச் செருகினார்.

"இந்தத் தட்டு இன்ஜினோட சுத்துது. அட்டைதான் கிளட்ச் பிளேட்டு, அது சக்கரத்துப் பக்கம். இன்னொரு தட்டு அட்டைய அமுக்கிப் புடிச்சா மூணும் ஒண்ணா சுத்தும், வண்டி ஓடும். பெடல மிதிச்சா புடி விட்டுரும், கியர் மாத்திக்கலாம். அமுக்கறது ஒரு ஸ்பிரிங்கு. உங்க காலு சண்ட போடறது அதோடதான். கம்பெனி ஸ்பிரிங்கு இந்தக் காருக்குன்னே அளவா செஞ்சது. ஹெவி டியூட்டில ஸ்பிரிங்கு கெட்டி. லோடு ஏத்தறவங்களுக்கு நல்லது. ஆனா பெடல் கல்லு மாதிரி இருக்கும்."

அதுவரை செல்போனில் மூழ்கியிருந்த அவள் கணவன் நவநீதன் தலையை நிமிர்த்தினான். "கல்லு மாதிரின்னா?"

"எனக்கே சாயங்காலமானா முட்டி வலிக்கும்ங்க."

நவநீதனின் பார்வை மெதுவாக மனைவியின் முட்டிக்கு வந்து அங்கேயே நின்றது. சசிகலா அதைப் பார்த்துவிட்டாள்.

கார் அவளுடைய அப்பா விட்டுப்போனது. விடியற்காலையில் இளம் பட்டுப்புழுக்களைத் தட்டுகளில் அடுக்கி, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் புழு வளர்ப்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. பஸ்ஸில் அந்தத் தட்டுகள் ஏறா, அவள் காலும் ஏறாது. காரை ஓட்ட முடிந்தால்தான் அந்த வேலை. நவநீதனுக்கோ, பொண்டாட்டி ஓட்ட இவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான் என்று கூட்டாளிகள் சிரித்ததில் உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"கெட்டியானதே போடுங்க பாய்," என்றான். "பொண்டாட்டி வண்டிக்குக் கஞ்சத்தனம் பண்ணலாமா?"

பக்கத்து டயர் கடை மாதேஸ்வரன் தலையாட்டினான். "புருசன்னா இப்படி இருக்கோணும்!"

"எனக்குக் கம்பெனி சாமானே போதும்ங்க," என்றாள் சசிகலா. "என் காலு..."

"காலுக்கு என்ன? நல்லாருக்குன்னுதான எல்லார்கிட்டயும் சொல்ற? இல்ல, நொண்டின்னு உன் வாயாலயே சொல்லு. கேட்டுக்கறோம்."

அவள் நீட்டியிருந்த காலை ஸ்டூலுக்கடியில் மடக்கிக்கொண்டாள்.

"அப்ப கேபிளையும் மாத்திரலாம்ங்க," என்றார் பாய். "பெடலையும் கிளட்சையும் இழுத்துக் கட்டியிருக்கறது அதான். கெட்டி ஸ்பிரிங்குக்குப் பழைய கேபிள் தாங்காது. பெடல் மேல சும்மா கால வச்சிருந்தாக்கூட இழுபட்டு நூல் நூலா பிரியும்."

"பழசே இருக்கட்டும். பாடம் போதும் பாய்." நவநீதன் டீக்கடைக்கு நடந்துவிட்டான்.

பாய்க்குச் சொல்லவந்ததைப் பாதியில் விட மனம் வரவில்லை. சசிகலாதான் கேட்டாள். "கேபிள் அந்துபோனா வண்டி அவ்ளோதானா பாய்?"

"யாரு சொன்னா? பெடல்தான் செத்துப்போகும், இன்ஜின் உசுரோடதான இருக்கும்! ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு சாவியத் திருப்புங்க. ஒரு குதி குதிச்சு அப்படியே கெளம்பிரும். அப்புறம் ஆக்சிலேட்டர லேசா விட்டு, அடுத்த கியருக்கு மெதுவாத் தள்ளுனா கரகரன்னு விழும். நிறுத்தணும்னா பிரேக்க அமுக்கி சாவிய அணைச்சிருங்க. இடது காலுக்கு வேலையே இல்ல."

சாயங்காலம் வண்டி தயாரானது. சசிகலா ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். பாதி தூரம் போவதற்குள் முட்டி வெடவெடத்து, கால் நழுவியது. கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி மிதித்தாள். மறுபடியும் நின்றது. மாதேஸ்வரன் சிரித்தான். நவநீதன் ஜன்னல் வழியே கையை நீட்டினான்.

"சாவியக் குடு. சமையலுக்குக் காலு தேவப்படாது."

பாய் குனிந்துகொண்டு, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார்.

அந்த வாரமே அவள் புழு கொடுத்துவந்த கிராமங்கள், கூட வேலைபார்த்த சுசித்ராவுக்குப் போய்விட்டன. நவநீதன் தேவையே இல்லாமல் காரை எடுத்தான். எடுக்கும்போதெல்லாம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருத்தெருவாக ஓட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருப்பது அவன் வழக்கம்.

"கால எடுத்துக்கங்க," என்று அவள் ஒருமுறை சொன்னாள். "கேபிளு போயிரும்."

"நொண்டி எனக்கு டிரைவிங் சொல்லித்தருதா?"

அதன்பிறகு அவள் சொல்லவில்லை. நாளடைவில், அவன் பெடலை மிதிக்கும்போதெல்லாம் மெல்லிய நறநறப்பு ஒன்று கேட்கத் தொடங்கியது. நூல் நூலாக. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சேலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் தேங்கி ஊர்ந்துகொண்டிருந்தன. பத்தடிக்கு ஒருமுறை மிதித்து, விட்டு, மிதித்து... டப்பென்று ஒரு சத்தம். பெடல் தரையோடு படுத்தது. கார் குதித்து நின்றுவிட்டது.

"எறங்கித் தள்ளுய்யா மாப்ளே!" பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "பட்டுவேட்டி கசங்கிருமா?"

நவநீதன் பதறி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு குதித்தான். மத்தியான வெயிலில் தார் கொதித்தது.

"என்னடி பாக்கற? இந்தப் பக்கம் வந்து ஸ்டீரிங்கப் புடி! ஓரமா ஒடிச்சுத் திருப்பு!"

அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள். அவன் காலை மாற்றி மாற்றி வைத்துத் தள்ளினான். கார் ஓரத்துக்கு வந்தது. முன்னால் லாரிகள் விலகி, பாதை இறக்கமாகத் திறந்துகிடந்தது.

"பிரேக்க அமுக்கு! எறங்கு!" என்று பின்னாலிருந்து கத்தினான்.

சசிகலா பிரேக்கை அமுக்கினாள். ஃபர்ஸ்ட் கியரில் போட்டாள். பிரேக்கை விட்டுச் சாவியைத் திருப்பினாள். கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. பாய் சொன்னபடியே ஆக்சிலேட்டரை லேசாக விட்டுத் தள்ளினாள். கரகரவென்று இரண்டாவது கியர் விழுந்தது.

கண்ணாடியில் நவநீதன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கும் தாரில் துள்ளித் துள்ளி ஓடிவந்தான். லாரிக்காரர் விசிலடித்தார். அவனுடைய செல்போன் டேஷ்போர்டில் கிடந்தது. செத்த பெடலுக்குக் கீழே அவன் செருப்புகள் கிடந்தன. அவற்றை அவள் இடது காலாலேயே ஓரமாகத் தள்ளினாள். அதற்கு அந்தக் காலின் வலு போதுமானதாக இருந்தது.